கோர்வை வகுப்பு

தலைமையாசிரியர் நமச்சிவாயம் "உட்காருங்கம்மா" என்று சொன்னால், எதையோ பறிக்கப்போகிறார் என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் தயாவதியை அவர் மூன்றே முறைதான் உட்காரச் சொல்லியிருக்கிறார். முதல் முறை, ஆள் கிடைக்காத தையல் வகுப்பை அவள் தலையில் கட்டினார். இரண்டாம் முறை, அவளிடமிருந்து எட்டாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏழாம் வகுப்பு பி பிரிவைக் கொடுத்தார். மூன்றாம் முறை, 1969 ஆடி மாதத்து இந்தத் திங்கட்கிழமை.

"விருதுக்குன்னு எழுதிக் குடுத்தீங்களே, எட்டுப் பக்கம். நல்லா இருந்ததும்மா. டைப் அடிச்சு அனுப்பினோம். கமிட்டிக்குப் புடிச்சுப்போச்சு. புதன்கிழமை நேர்லயே வந்து பி பிரிவைப் பார்க்கப்போறாங்க."

தயாவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மனுஷரைப் போய் இத்தனை வருஷம் கரித்துக்கொட்டினோமே என்றுகூட ஒரு கணம் வெட்கப்பட்டாள்.

"புதன்கிழமை அமாவாசை சார். தறி ஓடாது. பசங்க எல்லாரும் வந்துடுவாங்க."

"அதை யோசிச்சுத்தான் நாளே குறிச்சேன்." நமச்சிவாயம் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். "வகுப்பை ராஜவேலு சார் எடுப்பார். விண்ணப்பம் அவர் பேர்லதான் போயிருக்குது."

"அது நான் எழுதினது சார்."

"ஸ்கூல்ல எழுதினதெல்லாம் ஸ்கூலுக்குச் சொந்தம்மா. நீங்க செகண்டரி கிரேடு. அவர் பி.ஏ., பி.டி. உங்க பேரைப் போட்டா உறையைக்கூடப் பிரிக்க மாட்டாங்க."

"எந்த ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம்னு சுற்றறிக்கையில இருக்குது சார். நான் எழுதி வெச்சிருக்கேன்."

"இருக்கும். இருக்கறதெல்லாம் நடக்குதா?" அவர் கண்ணாடிக் குண்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். "நீங்க விருந்தாளிங்க சாப்பாட்டைக் கவனிச்சுக்குங்க. அமாவாசை, வெங்காயம் ஆகாது. உருளைக்கிழங்கு போண்டா போடச் சொல்லிடுங்க."

மண்ணுக்குள் விளைகிற எதையும் வாயில் வைக்காத சமணக் குடும்பம் தயாவதியுடையது. கூரம் கிராமத்துக்கு அப்பால் கொஞ்சம் நிலமும் நாலு மாடும் வைத்துப் பிழைக்கிறவர்கள். பதினோரு வருஷமாக அவள் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் கிழங்கு இல்லையா?" என்று பல் இளித்தவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

வெளியே வந்தவளுக்கு அழுகை இல்லை. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

விருது என்றால் ஏதோ சால்வையும் எலுமிச்சம்பழமும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் ஆங்கில வாடையே இல்லாத பிள்ளைகளுக்கு அதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று பார்த்து, சென்னையில் இருக்கிற ஆங்கில ஆசிரியர் மன்றம் அந்த வருஷம்தான் முதல் முதலாக ஒரு வெள்ளிப் பதக்கம் அறிவித்திருந்தது. பதக்கம் கிடக்கட்டும். அதோடு முழுச் சம்பளத்துடன் ஒரு வருஷம் ஐதராபாத்தில் பயிற்சி. திரும்பி வந்தால் மேல் வகுப்புகளுக்கு ஆங்கில ஆசிரியை. தையல் ஊசியையும் நமச்சிவாயத்தின் முகத்தையும் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம். முப்பத்தைந்து வயதில் தயாவதி கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான். சுற்றறிக்கையை வரி விடாமல் எழுதி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தாள். நாளுக்கு ஒருமுறையாவது அதை எடுத்துப் பார்ப்பாள்.

அந்த எட்டுப் பக்கத்தில் அப்படி என்ன இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏ பிரிவு, வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளைகளும். பி பிரிவு, பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறி வீட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் அறையில் அதற்குத் 'தறிப் பிரிவு' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஒரு இளக்காரம் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளின் ஆங்கிலமும் தயாவதியிடம்தான். தெருவில் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகள், பெயர் சொல்லி எழுப்பி "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டையோடு தரையை ஆராய்ச்சி செய்யும். அடித்துப் பார்த்தாள். மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் இடைவேளையில் மங்கையர்க்கரசி என்ற பெண்ணும் ரேணுகாம்பாள் என்ற பெண்ணும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு புளியங்கொட்டையை இங்கும் அங்கும் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் "போடு" என்பாள், அவள் உருட்டுவாள். அவள் "போடு" என்பாள், இவள் உருட்டுவாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு "கோர்வை டீச்சர்" என்றார்கள்.

பட்டுச்சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதற்குத்தான் கோர்வை என்று பெயர். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. நெய்கிறவர் இந்தாண்ட உட்கார, கரைக்கான நூலை ஏந்திக்கொண்டு ஓடுகிற நாடாவைப் போட்டு வாங்க இன்னொருவர் அந்தாண்ட உட்கார வேண்டும். அநேகமாக வீட்டுப் பிள்ளைதான் அந்தாண்டக் கை. பி பிரிவில் வருகை எப்போதும் பாதியாக இருப்பதற்கும், தறி ஓய்கிற அமாவாசையன்று மட்டும் முழுசாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

மறுநாளே தயாவதி பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தாள். "போடு" என்றதும் ஒரு பிள்ளை கேள்வியைப் போட வேண்டும், எதிர்ப்பிள்ளை பதிலைத் திருப்பிப் போட வேண்டும். எழுந்து நிற்க வேண்டாம், டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டாம். பதினைந்தே நாளில் வகுப்பின் வாய் திறந்துகொண்டது. பக்கத்து வகுப்பு வாத்தியார் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

அப்புறம் தயாவதி ஒரு தப்புச் செய்தாள். எல்லாரும் எல்லாரோடும் பேசிப் பழகட்டும் என்று, பயிற்சிப் பள்ளியில் படித்ததை நம்பி ஜோடிகளை மாற்றிவிட்டாள். மறுபடியும் முப்பத்திரண்டு ஊமைகள். மூன்றாம் நாள் மங்கையர்க்கரசியின் அம்மா காமாட்சியம்மாள், கையில் சாயம் காயாமல் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாமா டீச்சர், எம்பொண்ணு அழுதுக்கினு வருது! ரேணுகாவ எதுக்குப் பிரிச்சீங்க?"

"எல்லாரோடவும் பேசிப் பழகணும்மா."

"பழகட்டும், யாரு வேணான்னது? சேலை முடியட்டும், அப்பால பழகட்டும். பாதிச் சேலையில அந்தாண்டக் கையை யாருனா மாத்துவாங்களா? ஒவ்வொரு கையும் ஒரு இழுப்பு இழுக்கும். கை மாறினா கரை சுருட்டிக்கும். கடைக்காரன் வெரல வெச்சுத் தடவிப் பார்த்தே சொல்லிடுவான், இந்த எடத்துல கை மாறியிருக்குதுன்னு." மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்: "எதுர்ல யாரு ஒக்காந்துக்கினு இருக்குதுன்னு பார்த்துதான் டீச்சர் இதுங்களுக்குக் கையே நீளும்."

தயாவதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஜோடிகளைப் பழையபடி சேர்த்துப் பார்த்தாள். அன்றைக்கே வாய் திறந்தது. அதற்குப் பிறகு புத்தகம் முடிகிறவரை ஒரு ஜோடியையும் அவள் தொட்டதில்லை. இந்த ஒரு சங்கதியை மட்டும் அந்த எட்டுப் பக்கத்தில் அவள் எழுதவில்லை. சண்டைக்கு வந்த ஒரு பொம்பளை சொன்னதைப் போய் விண்ணப்பத்தில் எழுதினால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ராஜவேலு அவளைத் தேடி வந்தான். வயதில் அவளைவிட ஆறு வருஷம் சின்னவன், செங்கல்பட்டுக்காரன். பேச்சில் 'சார்' போட்டாலும் மனசுக்குள் அவனுக்கு மரியாதை கொடுப்பதை அவள் நேற்றோடு நிறுத்தியிருந்தாள். ஒரு மாதமாக அவன் பி பிரிவின் ஜன்னலோரம் சிகரெட் பிடிக்கிற சாக்கில் நின்றதெல்லாம் எதற்கு என்று இப்போதுதானே புரிகிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பெரியவர் சொன்னாரு, நான் தட்ட முடியல."

"தட்ட முடியாதுதான் சார். வெள்ளியாச்சே, கனமா இருக்கும்."

அவன் முகம் சிவந்தது. அதை மறைக்கச் சிரித்தான். "இதுல என்ன டீச்சர் பெரிய ரகசியம்? ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரா ஒக்கார வெச்சு, போடுன்னு சொல்றது. அவ்வளவுதானே? நாளைக்குப் போட்டோகிராபர் வேற வர்றாரு. பெஞ்சு போட்டு, உயரப்படி ஒக்கார வெச்சுடலாம்னு இருக்கேன். குட்டையெல்லாம் முன்னால, நெட்டையெல்லாம் பின்னால. போட்டோவுல அழகா இருக்கும்."

தயாவதி கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். உயரப்படி உட்கார வைத்தால் ஒரு ஜோடி தேறாது. மங்கையர்க்கரசி வகுப்பிலேயே நெட்டை, ரேணுகாம்பாள் வகுப்பிலேயே குட்டை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

"உங்க இஷ்டம் சார். அழகாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் இருந்த குஷியைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "ஊட்ல எதுனா விசேஷமா?" என்று கேட்டாள். மனசுக்குள் அவன் வேர்த்து வழிவதையும், நமச்சிவாயம் முகத்தில் ஈயாடாமல் நிற்பதையும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட ருசியாக இருந்தது. பிள்ளைகள் திணறுமே என்று ஒருமுறை தோன்றாமல் இல்லை. ஒரு மணி நேரம் முழிக்கும், அவ்வளவுதானே, செத்தா போய்விடும் என்று அதை ஒதுக்கித் தள்ளினாள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்து, சமண வழக்கப்படி வெளிச்சம் இருக்கும்போதே வயிறாரச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை பி பிரிவு கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை அடித்து, ஏ பிரிவின் வார்னிஷ் பெஞ்சுகளைக் கொண்டுவந்து எதிரெதிரே போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டன. எண்ணெய் வழியத் தலைவாரி, நெற்றி நிறைய விபூதி பூசி, படிப்படியாக உயரத்துக்கு ஏற்ப உட்கார்ந்திருந்தன. போட்டோகிராபர் இரண்டு படம் எடுத்தார். அழகாகத்தான் இருந்தது.

கமிட்டியில் மூன்று பேர். அவர்களில் பேசுகிறவர் பேராசிரியர் வரதராஜன். காலேஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கதர்ச் சட்டை, காதோரம் மட்டும் நரை. ராஜவேலு ஆடி மாதத்துப் புழுக்கத்தில் கழுத்தில் டை கட்டியிருந்தான்.

தயாவதியின் இடம் பின்பக்கக் கதவு. மோர்த் தம்ளர்கள் வைத்த தட்டோடு அவள் அங்கே நின்றாள். வகுப்பு முடிந்ததும் உள்ளே வரலாம் என்று உத்தரவு. போண்டா, தலைமையாசிரியர் அறையில் வாழையிலைக்கு அடியில் காத்திருந்தது.

"போடு!" என்றான் ராஜவேலு.

ஒரு சத்தமும் இல்லை.

"ம், போடு! வாட் இஸ் யுவர் ஃபாதர் டூயிங்? நீ கேளு, அவன் சொல்லுவான்."

மங்கையர்க்கரசிக்கு எதிரே சபாபதி என்ற நெட்டைப் பையன் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தன் முழங்காலைப் பார்த்தான். முன்வரிசையில் ரேணுகாம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பின்வரிசையையே தேடினாள். வகுப்பு முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளையும் எதிரே இருந்த பிள்ளையை விட்டுவிட்டு வேறு எங்கேயோ பார்த்தது.

"போடு!" மூன்றாம் தடவை குரல் உடைந்தது. டைக்கு மேலே வேர்வை இறங்கியது. பிரம்பு எப்போதும் இருக்கிற மூலையை அவன் கண் ஒருதரம் தேடிவிட்டுத் திரும்பியது.

தயாவதி மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைவிட இது நன்றாக இருந்தது. துளித் துளியாக ரசித்தாள். இந்த ஒரு மாதத்துக் கள்ளப் பார்வைக்கு, அந்த எட்டுப் பக்கத்துக்கு, இந்த மோர்த் தட்டுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்று உள்ளுக்குள் சொன்னாள்.

அப்போது மங்கையர்க்கரசி பின்பக்கம் திரும்பினாள். நேராகத் தயாவதியைப் பார்த்தாள். கேட்கிற பார்வை அது. 'ஜோடி மாறு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும்.

தயாவதி அசையவில்லை.

நமச்சிவாயம் கமிட்டியின் பக்கம் குனிந்து, வகுப்பு முழுவதும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "ராஜவேலு மேல தப்பு இல்லை சார். எல்லாம் தறி வீட்டுப் பசங்க. எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறாது. இதுங்களுக்கு இங்கிலீஷு எதுக்குன்னு எனக்கே சில சமயம் தோணும்."

முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் தலையைத் தொங்கப்போட்டான். கமிட்டியில் ஒருவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். மங்கையர்க்கரசி இன்னும் தயாவதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தயாவதியின் கண்ணோ அவளைத் தாண்டி ராஜவேலுவின் கழுத்தில் இருந்தது. அவன் டையைத் தளர்த்தப் போய் அது இன்னும் இறுகிக்கொண்டது. அவள் உதட்டோரம் சிரிப்பு தானாக வந்தது. அடக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மங்கையர்க்கரசி திரும்பிக்கொண்டாள். அப்புறம் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சைத் தாண்டி, நேராக முன்வரிசைக்குப் போய், ரேணுகாம்பாளுக்கு எதிரே இருந்த பையனைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய்! யார் உன்னை எழுந்திரிக்கச் சொன்னது? இடத்துக்குப் போ!" என்று ராஜவேலு பாய்ந்தான்.

"இருங்க சார்," என்று வரதராஜன் கையைக் காட்டினார்.

அதற்குள் வகுப்பே எழுந்துவிட்டது. பெஞ்சுகள் கிரீச்சிட, பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இடம் மாறின. உயரம் எல்லாம் கலைந்தது. நெட்டைக்கு எதிரே குட்டை, பையனுக்கு எதிரே பெண். அரை நிமிஷத்தில் ஜோடிகள் சேர்ந்துவிட்டன. ராஜவேலு சொல்வதற்குக் காத்திராமல் மங்கையர்க்கரசியே குரல் கொடுத்தாள்.

"போடு!"

"வாட் இஸ் யுவர் மதர் டூயிங்?"

"ஷீ இஸ் வைண்டிங் சில்க்!"

"வாட் இஸ் யுவர் ஃபாதர் டூயிங்?"

"ஹீ இஸ் வீவிங் எ சாரி!"

"ஹூ இஸ் சிட்டிங் ஆன் தி அதர் சைட்?"

"ஐ ஆம்! ஐ ஆம் சிட்டிங் ஆன் தி அதர் சைட்!"

பதினாறு ஜோடியும் ஒரே நேரத்தில் கேட்டன, ஒரே நேரத்தில் திருப்பின. தப்பு வந்தால் எதிர்ப்பிள்ளை முழங்காலில் தட்டித் திருத்தியது. நமச்சிவாயம் தன்னுடைய சாதனையைப் போலப் புன்னகை செய்ய ஆரம்பித்தார். வரதராஜன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதியதை அடித்தார்.

சத்தம் ஓய்ந்ததும் வரதராஜன் ராஜவேலுவைக் கேட்டார். "ஏன் இடம் மாத்திக்கிட்டாங்க?"

"அது வந்து சார்... அது ஒரு பயிற்சி."

"நீங்க இடத்துக்குப் போன்னு சத்தம் போட்டீங்களே?"

வரதராஜன் எழுந்தார். "நமச்சிவாயம் சார், முப்பத்தஞ்சு வருஷம் காலேஜ்ல பாடம் எடுத்தவன் நான். இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. இதை உண்டாக்கினது யாரோ, பதக்கம் அவங்களுக்குத்தான். விண்ணப்பத்துல அந்தப் பேர் இருக்குதா இல்லையாங்கறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை." சொல்லிவிட்டு அவர் மங்கையர்க்கரசியிடம் வந்து குனிந்தார். "நீ சொல்லும்மா. இப்படி உட்கார உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

தயாவதி தட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். வரப்போகிறது. அவள் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, தானாக வருகிறது. ஐதராபாத் போகிற ரயில் அந்தப் பெண்ணின் வாயில் நின்றுகொண்டிருந்தது. நமச்சிவாயத்தின் புன்னகை பாதியில் நின்றதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "ஊட்ல தறியில ஒக்கார்ற மாதிரி நாங்களேதான் ஒக்காந்தோம்."

வரதராஜன் நம்பவில்லை. அவர் பார்வை வகுப்பைச் சுற்றிவிட்டுப் பின்கதவில் வந்து நின்றது. "அந்த அம்மா யாரு?"

"தையல் டீச்சர் சார்," என்றார் நமச்சிவாயம், மூச்சு விடாமல். "மோர் கொண்டுவந்திருக்காங்க."

"அவங்களா சொல்லிக் குடுத்தாங்க?"

மங்கையர்க்கரசி திரும்பினாள். இந்த முறை அந்தப் பார்வை எதையும் கேட்கவில்லை.

"இல்ல சார். அவங்க சும்மா நின்னுக்கினு இருந்தாங்க."

தயாவதிக்கு வாய் திறந்தது. நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதிவேட்டுக்குள் சுற்றறிக்கை இருக்கிறது, வீட்டில் எட்டுப் பக்கத்தின் கைப்பிரதி இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் சொன்னதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அவள் சும்மாதான் நின்றிருந்தாள். வகுப்பு முழுக்க, முப்பத்திரண்டு முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

வரதராஜன் தம்மோடு வந்த இருவரையும் திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. சொந்தக்காரர் யாரும் வரலைன்னா மன்றம் காகிதத்துல இருக்கிற பேரைத்தான் எடுத்துக்கும்." ராஜவேலுவிடம் கையை நீட்டினார். முகத்தில் சந்தோஷம் இல்லாமல்தான் நீட்டினார். ராஜவேலு இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டான். போட்டோகிராபர் மூன்றாவது படத்தை எடுத்தார்.

தயாவதி உள்ளே போய் வரிசையாக மோர் கொடுத்தாள். ராஜவேலுவுக்கும் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். அப்புறம் தலைமையாசிரியர் அறையில் எல்லாரும் உருளைக்கிழங்கு போண்டா சாப்பிட்டார்கள். பிரமாதம் என்று நமச்சிவாயம் இரண்டு தடவை சொன்னார்.

நாலு மணிக்கு மணி அடித்ததும் அவள் மங்கையர்க்கரசியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் கையில் வந்து இறங்கியது. பெண்ணின் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? ரெண்டு வருஷமா உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாருடி?"

"நீங்கதான் டீச்சர்."

"அப்ப ஏன் பொய் சொன்ன? அந்த ஆளு உனக்கு என்னடி குடுத்தான்?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல." அவள் கையை உதறவில்லை. அழவும் இல்லை. "நாங்க முழிச்சிக்கினு ஒக்காந்திருந்தப்ப உங்களத்தான் பார்த்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. பெரிய சாரு, மண்டையில ஏறாதுன்னு சொன்னாரு. அப்பவும் பார்த்தேன். நீங்க சிரிச்சிக்கினு இருந்தீங்க."

தயாவதியின் பிடி தளர்ந்தது. "உங்களைப் பார்த்தா சிரிச்சேன்? அந்த சாரைப் பார்த்துச் சிரிச்சேண்டி. அவன் செஞ்ச அநியாயம் உனக்குத் தெரியாது."

பள்ளிக்கூட வாசலில் ரேணுகாம்பாள் இரண்டு பேருடைய பைகளையும் சுமந்துகொண்டு நின்று, "மங்கா, வர்றியா?" என்று கூப்பிட்டாள். மங்கையர்க்கரசி முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"சாரு அந்தாண்ட நின்னாரு, நீங்க இந்தாண்ட நின்னீங்க," என்றாள். "நடுவுல நாங்கதான டீச்சர் இருந்தோம்."